சிறைவாயிலுக்கு அப்பால்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா என்றால் இசையும் நாடகமும் குழந்தைகளின் நடனமும் நிறைந்திருக்க வேண்டும். இடையே பேச வருகிறவர் சங்க இலக்கியத்தின் மாண்பையோ பாரதியாரின் புதுமையையோ அரைமணி நேரம் எடுத்துரைத்து அமர்வது மரபு. இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள் அவ்வரிசையில் சேராது. சிறையிலிருந்து மீண்டு வருகிறவர்களின் மறுவாழ்வு என்பது மங்கல நாளில் பேசத்தக்கதா என்று செயற்குழுவிலேயே ஓர் அன்பர் கேட்டார். கேட்டது நியாயந்தான். ஆனால் நம் காலனியில் பாதிப்பேர் அலுவலகம் செல்லும் வழியில் நாள்தோறும் திகார்ச் சிறையின் மதிலைக் கடந்து செல்கிறோம். ஒன்பது சிறைகள் அடங்கிய அவ்வளாகத்தின் பாதுகாப்புப் பணியில் தமிழ்நாடு சிறப்புக் காவற்படையினர் பல ஆண்டுகளாக இருந்துவந்திருக்கின்றனர். நம் பொங்கல் விழாப் பந்தியில் அவர்களுள் சிலர் அமர்ந்து உண்டதும் உண்டு. ஆகவே சிறை என்பது நமக்கு ஏட்டில் படித்த செய்தி அன்று, அண்டை அயல்.

இப்பொருள் தமிழுக்குப் புதியதும் அன்று. மணிமேகலையின் பத்தொன்பதாம் காதைக்குச் 'சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை' என்றே பெயர். அமுதசுரபியை ஏந்திச் சிறைக்குள் சென்று பசித்தோர்க்கு உணவளித்த மணிமேகலையை அழைத்துச் சோழ மன்னன், "யாது வேண்டும்?" என்று வினவுகிறான். பொன்னையும் பொருளையும் அவள் கேட்கவில்லை. சிறைக்கூடத்தை அறவோர் வாழும் கோட்டமாக்க வேண்டும் என்று கேட்கிறாள், மன்னனும் இசைகிறான். காப்பியம் அத்துடன் கதையின் போக்கில் சென்றுவிடுகிறது. அன்று விடுதலை பெற்றவர்கள் புகார் நகரத்தின் எந்தத் தெருவுக்குச் சென்றனர், எவர் அவர்களுக்கு வேலை கொடுத்தார், யார் வீட்டுத் திண்ணையில் அன்றிரவு படுத்தனர் என்பதைச் சாத்தனார் பின்தொடர்ந்து சென்று பாடவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்துதான் இன்று நாம் பேச விரும்புகிறோம்.

முதலில் ஒரு கணக்கைச் சொல்லிவிடுவோம். 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை கூறுகிறது. இவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நால்வரில் மூவர் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்காதவர்கள். ஜாமீன் கட்டப் பணமின்றியும், ஆள் ஜாமீன் கொடுக்க உறவினரின்றியும் உள்ளே இருப்பவர்கள் இவர்களுள் ஏராளம். இத்தகையோரின் ஜாமீனுக்காக 40,000 ரூபாய் வரையிலும், அபராதம் கட்ட இயலாத தண்டனைக் கைதிகளுக்காக 25,000 ரூபாய் வரையிலும் அரசே செலுத்தும் திட்டம் ஒன்றை மத்திய உள்துறை 2023ஆம் ஆண்டில் வகுத்தது. ஆயினும், "உள்ளே இருந்துவிட்டு வந்தவன்" என்று நாம் ஒருவனைச் சுட்டும்போது, அவன் தண்டனை பெற்றவனா, பிணையில் வந்தவனா, குற்றமற்றவன் என்று விடுவிக்கப்பட்டவனா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. ஊர் வாய்க்கு மூவரும் ஒருவரே.

சரி, உண்மையாகவே குற்றம் செய்து, தண்டனை பெற்று, ஏழாண்டு கழித்து வெளிவருகிற ஒருவனை எடுத்துக்கொள்வோம். அவன் உள்ளே வந்த நாளில் அணிந்திருந்த உடையும் கையிலிருந்த பொருள்களும் திரும்பக் கிடைக்கின்றன. உள்ளே உழைத்த கூலியில் ஏதோ சிறிது சேர்ந்திருக்கலாம். ஊர் போய்ச் சேர வழிச்செலவுக்கும் சிறை விதிகளில் இடமுண்டு. வாயிலைத் தாண்டியதும் சட்டத்தின் கணக்குத் தீர்ந்தது; வாழ்க்கையின் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. அவன் கையிலிருந்த செல்பேசி எண் பயனின்றிக் கிடந்ததால் எப்பொழுதோ வேறொருவருக்குப் போய்விட்டது. அந்த எண்ணோடு இணைந்திருந்தவை ஆதார் அட்டையும் வங்கிக் கணக்கும். இரண்டாண்டுக்கு மேல் வரவு செலவு இல்லாத கணக்கை வங்கி செயலற்ற கணக்கு என்று ஒதுக்கி வைக்கும். மீண்டும் அதனை உயிர்ப்பிக்க அடையாளச் சான்று வேண்டும். முகவரிச் சான்று வேண்டும். முகவரி வேண்டுமானால் வீடு வேண்டும். வீடு வேண்டுமானால் முன்பணமும், காவல் நிலையத்தில் குடியிருப்போர் விவரப் படிவமும் வேண்டும். வேலைக்குப் போனால் அங்கும் நற்சான்று. ஒரு கதவைத் திறக்கும் சாவி மற்றொரு பூட்டிய அறைக்குள் இருக்கிறது. உறுதியான நெஞ்சுடையவனும் ஒரு திங்களில் சலித்துப்போவான். அப்பொழுது அவனை "வா தம்பி" என்று அழைக்கிறவன் யார்? பழைய கூட்டாளிதான். அவன் சான்றிதழ் எதுவும் கேட்பதில்லை.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டாண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்ற ஒருவர் விடுதலையாகி ஆறாண்டு கழிந்தால், பொதுவாகச் சட்டமன்றத்திற்கும் நாடாளுமன்றத்திற்கும் போட்டியிட நம் தேர்தல் சட்டம் இடங்கொடுக்கிறது. நாட்டுக்குச் சட்டம் இயற்ற அவர் தகுதியுடையவர் ஆகிவிடுகிறார். ஆனால் அவரே நம் காலனியின் வாயிலில் காவலாளாக நிற்க விரும்பினால், அறுபது ஆண்டு கழிந்தாலும் நம்மவர்கள் இசைவார்களா என்பது ஐயமே.

குற்றமே செய்யாத, நாட்டுக்காகச் சிறை சென்ற பெருமகனுக்கும் இந்தத் துன்பம் விலக்கில்லாமற் போயிற்று. கப்பலோட்டிய வ. உ. சிதம்பரம் பிள்ளை 1908ஆம் ஆண்டில் சிறைப்பட்டு, செக்கிழுத்து, 1912ஆம் ஆண்டின் இறுதியில் கண்ணனூர்ச் சிறையிலிருந்து வெளிவந்தார். அவரை எதிர்கொள்ள வந்தவர்கள் மிகச் சிலரே. தொழுநோயால் வாடிய சுப்பிரமணிய சிவா அவர்களுள் ஒருவர். வழக்கறிஞர் உரிமை பறிபோயிருந்தது. கப்பல் நிறுவனம் அழிந்திருந்தது. சென்னையில் சிறு கடை வைத்தும் பிறர் உதவியை எதிர்பார்த்தும் அவர் காலந்தள்ள நேர்ந்தது. பின்னாளில் வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதி அவருடைய வழக்கறிஞர் உரிமை மீண்டும் கிடைக்கச் செய்தார். கோவில்பட்டியில் அவர் தொழிலைத் தொடங்கினார். அந்த நன்றியை மறவாமல் தம் மகன் ஒருவருக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். எந்த ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றாரோ அந்த ஆட்சியைச் சேர்ந்த ஒருவரின் பெயரைத் தம் பிள்ளைக்குச் சூட்டினார் என்றால், இழந்த தொழில் திரும்பக் கிடைப்பது ஒரு மனிதனுக்கு எத்தகைய பேறு என்பதை எண்ணிப் பாருங்கள். அவருடைய தியாகத்தைத் திருடனின் குற்றத்தோடு நாம் ஒப்பிடவில்லை. சிறைவாயிலில் நிற்கும்போது யாருக்கும் தேவைப்படுவது என்ன என்பதற்கே இச்செய்தியைச் சொன்னோம்.

இனி, இதற்கு வழியே இல்லையா என்றால், வழி கண்டவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். நாம் இருக்கும் தில்லியிலிருந்து ஐந்தாறு மணி நேரப் பயணத்தில், ஜெய்ப்பூரை அடுத்துச் சாங்கானேர் என்றோர் ஊர் உண்டு. மரக்கட்டையால் அச்சிட்ட அவ்வூர்த் துணிகளை நம் தாய்மார்கள் அறிவார்கள். அங்கே 1963ஆம் ஆண்டில் திறந்தவெளிச் சிறை ஒன்று தொடங்கப்பெற்றது. சம்பூர்ணானந்தர் பெயரால் அது வழங்குகிறது. உத்தரப் பிரதேசத்தில் 1952ஆம் ஆண்டு சந்திரபிரபா ஆற்றில் அணை கட்டும் பணிக்குக் கைதிகளைத் திறந்தவெளி முகாமில் வைத்து வேலை வாங்கிய முயற்சியோடு இணைந்த பெயர் அது. அப்பெரியவர் பின்னர் இராசத்தானத்தின் ஆளுநராக விளங்கினார்.

சாங்கானேரில் உயர்ந்த மதில் இல்லை. கம்பிக் கதவும் இல்லை. தண்டனையின் ஒரு பகுதியைக் கட்டுக்காவலுள்ள சிறையில் நன்னடத்தையோடு கழித்தவர்கள் இங்கு அனுப்பப்படுகிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் கொலைக் குற்றத்திற்காக நெடுந்தண்டனை பெற்றவர்கள். இதனைக் கேட்டதும் நம் முதுகு சற்று நிமிரத்தான் செய்கிறது. ஆனால் அவர்கள் மனைவி மக்களோடு சிறு வீடுகளில் வாழ்கிறார்கள். காலையில் பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுத்ததும் நகரத்திற்கு வேலைக்குச் செல்கிறார்கள். மாலையில் திரும்பி வந்து மறுபடியும் கணக்கில் நிற்கிறார்கள். அரசு அவர்களுக்குச் சோறு போடுவதில்லை. கூலி வேலை, தொழிற்சாலை வேலை, காவல் வேலை என்று எது கிடைக்கிறதோ அதைச் செய்து தம் குடும்பத்தைத் தாமே காப்பாற்றுகிறார்கள். முகாமின் நடைமுறைகளைப் பார்த்துக்கொள்ளக் கைதிகளே பஞ்சாயத்து அமைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்வமைப்பு சர்க்காரின் கருணையால் மட்டும் நடந்துவருவதாகச் சிலர் எண்ணக்கூடும். அன்று. சர்க்கார் செய்தது மதிலை எடுத்தது மட்டுமே. காலையில் வேலை தேடி வெளியே போகிற கொலைக்கைதிக்கு ஜெய்ப்பூரில் ஒரு கடைக்காரரும் ஒரு கொத்தனார் மேஸ்திரியும் ஒரு தொழிற்சாலை முதலாளியும் வேலை கொடுக்காதிருந்தால் அந்த முகாம் ஒரு திங்கள்கூட நீடித்திருக்காது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அதனைத் தாங்கி நிற்பவர்கள் அவ்வூர்ப் பொதுமக்கள். அவர்கள் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றியதாகத் தெரியவில்லை. வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது, வந்தவனை வைத்துக்கொண்டார்கள்.

இன்னொரு விந்தையும் அங்கு நிகழ்ந்தது. தண்டனைக் காலம் முடிந்தும் சிலர் அவ்விடத்தைவிட்டுப் போக மனமின்றித் தங்கிவிட்டனர். சிறையதிகாரிகள் அவர்களை வெளியே அனுப்புவதற்குப் பாடுபட வேண்டியதாயிற்று. சிறையைவிட்டுத் தப்பி ஓடுகிறவனைப் பிடித்து வருவதுதான் உலக வழக்கம். இங்கோ விடுதலையை வேண்டாம் என்கிறார்கள். காரணம் வெளிப்படை. முகாமில் வீடு இருக்கிறது, பிள்ளைகளுக்கு அருகே பள்ளி இருக்கிறது, "நீ யார், எங்கிருந்து வந்தாய்?" என்று கேட்காத அண்டை வீட்டார் இருக்கிறார்கள். இவை மூன்றும் வெளியே ஒருசேரக் கிடைப்பதில்லை. அந்த முகாமின் நிலத்தில் ஒரு பகுதியை மருத்துவமனைக்கு ஒதுக்க முனைந்தபோது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. திறந்தவெளிச் சிறைகளின் பரப்பைக் குறைக்க முயலக் கூடாது என்று 2024ஆம் ஆண்டு மே மாதம் நீதிமன்றம் ஆணையிட்டது.

இந்த எண்ணத்தின் வேரைத் தேடினால் இன்னும் பின்னே செல்லலாம். மராட்டியத்தில் அவுந்து என்னும் சிறிய சமஸ்தானத்தில் 1939ஆம் ஆண்டிலேயே சுதந்திரபூர் என்று பெயரிட்டுக் கைதிகளுக்கு ஒரு திறந்த குடியிருப்பை அமைத்தார்கள். அதற்குத் தூண்டுகோலாக இருந்த மாரிஸ் பிரீட்மன் என்னும் போலந்து நாட்டுப் பொறியாளர் திருவண்ணாமலை இரமணாசிரமத்தில் நெருங்கிப் பழகியவர். அக்குடியிருப்பின் கதையே 1957ஆம் ஆண்டில் சாந்தாராமின் புகழ்பெற்ற இந்திப் படமாயிற்று. அதையே 1975ஆம் ஆண்டில் நம்மவர்கள் 'பல்லாண்டு வாழ்க' என்று தமிழில் எடுத்தார்கள். எம்.ஜி.ஆர். ஆறு கைதிகளைத் திருத்துவதைக் கண்டு கைதட்டிய தலைமுறை இந்த மண்டபத்திலேயே இருக்கிறது. சம்பல் பள்ளத்தாக்கில் வினோபா 1960ஆம் ஆண்டிலும், ஜெயப்பிரகாசர் 1972ஆம் ஆண்டிலும் கொள்ளைக்காரர்களைத் துப்பாக்கியைக் கீழே வைக்கச் செய்ததும், அவர்களுக்காக மத்தியப் பிரதேசத்தில் முங்காவலியில் 1973ஆம் ஆண்டு திறந்தவெளிச் சிறை அமைந்ததும் நம்மில் பலர் அறிந்தவை. தமிழ்நாட்டுச் சிறைத்துறையும் கைதிகள் பணியாற்றும் பெட்ரோல் நிலையங்களையும் சிறைச் சந்தைகளையும் நடத்திவருகிறது. ஊருக்குப் போகிறவர்கள் புழலிலோ வேலூரிலோ வண்டிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டால், போட்டவர் யார் என்று ஒரு முறை பாருங்கள்.

சட்டமும் முற்றிலும் கண்மூடி இருக்கவில்லை. சென்னை மாகாணத்தில் 1936ஆம் ஆண்டிலேயே குற்றவாளிகளை நன்னடத்தைக் கண்காணிப்பில் விடுவதற்குச் சட்டம் வந்தது. 1958ஆம் ஆண்டில் நாடு முழுமைக்கும் அத்தகைய சட்டம் இயற்றப்பெற்றது. அச்சட்டத்தின்படி கண்டித்தோ நன்னடத்தை உறுதி பெற்றோ விடப்பட்டவருக்கு, குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்டதால் வரும் தகுதியிழப்புகள் நேரா என்று அதன் பன்னிரண்டாம் பிரிவு கூறுகிறது. ஆனால் சிறைக்குச் சென்று திரும்பியவருக்கு அந்த அருள் இல்லை. இங்கிலாந்தில் 1974ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, குறித்த ஆண்டுகள் குற்றமின்றி வாழ்ந்தவனது பழைய தண்டனைகளிற் பலவற்றைப் பெரும்பாலான காரியங்களுக்கு இல்லாதவை போலக் கருதச் செய்கிறது. அத்தகைய பொதுச்சட்டம் நம் நாட்டில் இல்லை. வந்தால் நன்று. வரும்வரை அந்த வேலையை அண்டை அயலார்தாம் செய்ய வேண்டியிருக்கிறது.

பெண்களைப் பற்றி ஒரு சொல். கணவன் சிறைப்பட்டால் மனைவி குழந்தையை இடுப்பில் சுமந்துகொண்டு நேர்காணல் வரிசையில் நிற்கிறாள். மனைவி சிறைப்பட்டால் அந்த வரிசையில் கணவனைக் காண்பது அரிது. பெண் கைதிகளின் நிலையை ஆராய நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் 1986ஆம் ஆண்டில் ஒரு குழு அமைக்கப்பெற்றது. அதன் அறிக்கை வந்து ஒரு தலைமுறைக்கு மேலாகிறது. பிறந்த வீட்டுக் கதவும் புகுந்த வீட்டுக் கதவும் ஒன்றாகச் சாத்தப்பட்டவள் எங்கே போவாள்? இக்கேள்வியை இங்கு அமர்ந்திருக்கும் மாதர் பிரிவின் முன் வைக்கிறோம். தையல் வகுப்பு நடத்துகிறவர்கள் அவர்கள். நம்மைவிட அவர்களுக்கே விடை எளிதில் தோன்றும்.

"குற்றவாளிக்கு இவ்வளவு இரங்குகிறீர்களே, அவனால் பாதிக்கப்பட்டவனுக்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்வியே. பொருளைப் பறிகொடுத்தவனும் உறவை இழந்தவளும் மன்னிக்க வேண்டும் என்று கட்டளையிட எவருக்கும் உரிமையில்லை. கைதிகளுக்கு நியாயமான கூலி கொடுக்க வேண்டும் என்று 1998ஆம் ஆண்டில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அக்கூலியில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டவர்களுக்குச் சேர வேண்டும் என்பதையும் அதே தீர்ப்பில் கூறிற்று. உழைத்தால்தான் கூலி, கூலி இருந்தால்தான் ஈடு. வேலையின்றித் திரிகிறவனிடமிருந்து யாருக்கு எந்த ஈடு கிடைக்கும்? எல்லாரையும் எந்த வேலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் நாம் சொல்ல வரவில்லை. குழந்தைகளுக்குத் தீங்கிழைத்தவனைப் பள்ளி வாகனத்தில் அமர்த்துவது அறிவுடைமை ஆகாது. ஆளையும் குற்றத்தையும் கழிந்த காலத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பாராமலே கதவைச் சாத்துவதைத்தான் வேண்டாம் என்கிறோம்.

இப்பொழுது நம் வாசலுக்கே வருவோம். பின் வாயிலருகே வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் முதியவரை அறியாதவர் இங்கு இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக நம் வேட்டிகளையும் பட்டுப் புடவைகளையும் ஒரு கரிப்பொட்டும் படாமல் தேய்த்துக் கொடுத்தவர். அவருடைய மகன் வேறோர் இடத்தில் கடையொன்றில் வேலை பார்த்தபோது கூட்டாளிகளோடு சேர்ந்து சரக்கைத் திருடிய குற்றத்திற்காக இரண்டாண்டுச் சிறைத் தண்டனை பெற்றான். தண்டனை முழுவதையும் கழித்துவிட்டுச் சென்ற மாதம் திரும்பியிருக்கிறான். முதியவருக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. நிறைய கரி போட்ட பெட்டியைத் தூக்க முடியவில்லை. வண்டியை மகனிடம் ஒப்படைக்கக் காலனியார் இசைவு தர வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கேட்காமலே மகனை நிறுத்தியிருந்தால் நம்மில் பலர் கவனித்திருக்கவும் மாட்டோம். கேட்டது அவருடைய நேர்மை.

எதிர்ப்புக் கூறுகிறவர்களின் வாதத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, யார் ஊருக்குப் போயிருக்கிறார்கள், எந்த வீட்டில் முதியவர்கள் தனித்திருக்கிறார்கள் என்பதெல்லாம் இஸ்திரிக்காரருக்குத் தெரியும் என்கிறார்கள். உண்மை. ஆகையால்தான் ஓர் ஏற்பாட்டை முன்வைக்கிறோம். முதல் ஆறு மாதம் மகன் வண்டியருகிலேயே நிற்கட்டும்; வீடுதோறும் சென்று துணி வாங்குவதும் கொடுப்பதும் தந்தையே செய்யட்டும், அல்லது நாமே மாலையில் உலாவப் போகும்போது துணியைக் கொண்டுபோய்க் கொடுப்போம். துணி ஏதேனும் காணாமற்போனால் ஈடு கட்டும் பொறுப்பை நம்முள் நான்கு குடும்பத்தார் எழுத்தில் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். இதனைப் பேசும் நம் குடும்பமும் அவற்றுள் ஒன்று. காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டிய விவரப் படிவத்தை எதையும் மறைக்காமல் நிரப்பிக் கொடுக்கவும் ஏற்பாடாகியிருக்கிறது. அவனுடைய வங்கிக் கணக்கையும் செல்பேசி எண்ணையும் புதுப்பித்துக்கொடுக்க, வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் ஒருவர் முன்வந்துவிட்டார். அதற்கு முகவரிச் சான்று வேண்டும். அச்சான்றுக்குக் காலனிக் குழுவின் கையொப்பம் இருந்தால் போதும் என்கிறார்கள்.

விழா முடிந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நூலக அறையில் பொதுக்குழு கூடுகிறது. தந்தையும் மகனும் வருவார்கள். ஐயமுள்ளவர்கள் அன்று தவறாமல் வந்து, கேட்க விரும்புவதை அந்த இளைஞனின் முகத்துக்கு நேரே கேட்குமாறு வேண்டிக்கொள்கிறோம். அவனுக்குத் தமிழ் தெரியாது, இந்தியில் கேளுங்கள்.